விஸ்கியும் அமிர்தமும்

பெங்களூரில் வடிக்கும் ஒரு விஸ்கிக்கு 'அம்ருத்' என்று பெயர். பாற்கடலைக் கடைந்தெடுத்த அமிர்தத்தை மதுப் புட்டியில் ஒட்டலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்றே படுகிறது.

விஸ்கியின் மூலப் பெயர், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'உஷ்கெ பெஹா'. உஷ்கெ என்றால் தண்ணீர். பெஹா என்றால் உயிர். ஆங்கிலத்துக்கு வந்தபோது உயிர் உதிர்ந்துபோய், தண்ணீர் மட்டும் விஸ்கியாக மிஞ்சியது. (நம்மூர்க்காரர்கள் 'தண்ணி' என்பது தற்செயல்தான். ஆனாலும் என்ன பொருத்தம்!)

லத்தீனில் அதுவே 'அக்வா விட்டே'. பிரெஞ்சுக்காரர்களின் 'ஓ த வி', ஸ்காண்டிநேவியர்களின் 'அக்வாவிட்' எல்லாம் அதே வயிற்றுப் பிள்ளைகள். அக்வா விட்டே வடிக்க ஜான் கோர் என்பவருக்கு மால்ட் கொடுத்ததாக ஸ்காட்லாந்து அரசின் 1494-95 கணக்கேட்டில் பதிவு இருக்கிறது. அவர் ஒரு துறவி என்பதையும் முகம் சுளிப்பவர்கள் கவனிக்கவும்.

1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம், தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதன்முதலில் விற்பனைக்கு இறக்கியது எங்கே தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ் போடலாம்.