மொட்டை மாடிச் சூடு

சித்திரை பிறந்துவிட்டால் ஆம்பூரில் பொழுது சாய்ந்தும் மொட்டை மாடியில் உடனே பாயை விரிக்க முடியாது. அம்மா முதலில் இரண்டு வாளி தண்ணீர் தெளிப்பாள். பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தரை அப்போதுதான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத் தெரியும். அதில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர் என்று பின்னாளில்தான் படித்தேன்.

கேலக்ஸிகளில் கிடக்கும் தூசியும் இந்த மாடித் தரை மாதிரிதான். நட்சத்திர ஒளியை விழுங்கி, அகச்சிவப்பாக உமிழ்கிறது. தூசி என்றால் எங்கள் ஊர்த் தோல் தொழிற்சாலைகளில் பஃபிங் மிஷின் கிளப்பும் தோல் தூள்தான் நினைவுக்கு வரும். இது அதைவிட நுண்ணியது, புகை மாதிரி.

அகச்சிவப்பில் ஒளிர்வது தூசி மட்டுமல்ல. 1877இல் எதுவார் ஸ்டெஃபான் மார்செய் நகரிலிருந்து கண்ட ஐந்து கேலக்ஸிகளில் ஒன்று வெறும் வழிப்போக்கன். சுமார் 4 கோடி ஒளியாண்டில் நிற்கிறது. மற்றவை ஏறக்குறைய 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். அவற்றில் ஒன்று நொடிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கூட்டத்துக்குள் பாய்கிறது. நட்சத்திரங்கள் இடித்துக்கொள்வதில்லை, அத்தனை இடைவெளி. அடி வாங்குவது நடுவில் கிடக்கும் வாயு, பழைய உரசல்களில் பிய்த்தெறியப்பட்டது. அந்த வேகத்தில் மூலக்கூறெல்லாம் சிதறியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில்தான் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் அகச்சிவப்பில் பளிச்சென்று ஒளிர்வதை ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி கண்டது. 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் முதல் படங்களிலும் இந்தக் கூட்டம் இருந்தது.

எங்களுக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, இந்த அகச்சிவப்பை அங்கிருந்து பார்க்க முடியாதா? யுரேனஸின் வளையங்களைக் காட்டிக்கொடுத்த 1977 மார்ச் 10 இரவின் பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் உண்டு. ஆனால் மலை 725 மீட்டர்தான், காற்றில் ஈரம். அகச்சிவப்பின் பெரும்பகுதியை நீராவி குடித்துவிடும். அதனால்தான் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்து வறண்ட காற்றில், இன்னொன்று வைத்தார்கள். தூசியின் நீண்ட அலைகளுக்கு அந்த உயரமும் போதாது. வெப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்தடுக்கு நிழற்குடைக்குப் பின்னால் நிற்கிறது. தொலைநோக்கியே சூடாக இருந்தால் அதன் சூட்டைத்தானே அது பார்க்கும்! அம்மாவின் இரண்டு வாளித் தண்ணீர் சங்கதிதான்.

காவலூருக்கு வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போகலாம். தை, மாசியில் போங்கள். மழைக்காலத்தில் போனால் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.