பள்ளிவாசல் ஜெனரேட்டர்



போன வாரம் மழையில் கரண்ட் போன இரவு, நமதூரில் ஒரு ஜனாஸா. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. நாமெல்லாம் காசு சேர்த்து வாங்கிய ஜெனரேட்டரை இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். போன் வெளிச்சத்தில் கிணற்றில் அள்ளித்தான் குளிப்பாட்டினோம்.

மறுநாள் மெக்கானிக் காபரேட்டரைக் கழற்றிக் காட்டினார். நோன்பு காலத்தில் ஊற்றிய பெற்றோல் மாதக்கணக்கில் நின்று, பிசினாகி, ஜெட்டின் துளையை அடைத்திருந்தது. அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி ஓட்டி முடிந்ததும் பெற்றோல் டெப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுவோம். மாதம் ஒருமுறை 10 நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். நீண்டநாள் நிறுத்துவதென்றால் டேங்கை வடித்துவிடுவோம். வீட்டுப் புல்வெட்டும் மெஷினுக்கும் இதேதான்.

இதுவும் அமானிதம். முறை போட ஜும்ஆவுக்குப் பிறகு பெயர் தாருங்கள்.