சருகடியில் ஒரு புகலிடம்

வட அமெரிக்காவில் கோடையைக் கழிக்கும் செம்மிடற்று ஓசனிச்சிட்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். குளிர்காலம் நெருங்கும்போது அது மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் நாடிப் பறக்கிறது. கூடு கட்ட ஓரிடம், குளிர்காலத்தைக் கழிக்க மற்றோரிடம் என ஈரிடங்களை நம்பி அச்சிறு பறவை வாழ்கிறது. ஓசனிச்சிட்டு இந்தியாவில் இல்லை. ஆயினும், அவ்வாறே ஈரிடங்களை நம்பி வாழும் பறவையொன்று ஊரப்பாக்கத்தை அடுத்துள்ள வண்டலூர்ப் புதர்க்காட்டுக்கு வந்து செல்கிறது. அதுவே ஆறுமணிக்குருவி.

காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, வெண்ணிறத் தொண்டை, கண்ணை ஒட்டிய கருங்கோடு, வாலடியில் செந்நிறம் எனப் பல வண்ணங்களைக் கொண்டது. இந்தியில் இதனை 'நவரங்' என்பர். பறவையியலார் வழங்கும் 'பிட்டா' என்னும் பெயரோ, சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இது குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்தபின் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. இரவில் பறந்து களைத்து வரும் பறவை, சில வேளைகளில் வீடுகளுக்குள் புகுந்துவிடும். சன்னல் கண்ணாடியில் மோதி வீழ்வதும் உண்டு.

இவ்வளவு தொலைவு கடந்து வரும் விருந்தாளி வேண்டுவது யாது? பழத்தோட்டமன்று, புதர் நிழலும் உதிர்ந்த சருகுமே. சருகு மட்கும் ஈரமண்ணில் மண்புழுவும் பூச்சிகளும் பெருகுகின்றன. தரையில் தத்தித் திரிந்து, அலகால் சருகைப் புரட்டி, அவற்றை இது உண்கிறது.

வண்டலூர்க் காப்புக்காட்டில் 1985ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கும் நன்மங்கலம் காப்புக்காட்டிலும் புதரும் சருகும் எஞ்சியுள்ளன. காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியிலோ புதர் 'வெற்றுநிலம்' எனப்படுகிறது, வீட்டுமனைக்காக அழிக்கப்படுகிறது. தோட்டத்துச் சருகு 'குப்பை' எனக் கூட்டி எரிக்கப்படுகிறது. பெயர் மாறியதும் பறவையின் உணவும் உறைவிடமும் ஒருங்கே மறைகின்றன.

வடக்கே காடு செழித்திருந்தாலும் தெற்கே சருகு இல்லையெனில் இப்பறவைக்கு வாழ்வில்லை. வேனிலில் அது மீண்டும் வடக்கே சென்று கூடு கட்ட வேண்டுமாயின், இங்கே குளிர்காலத்தில் பசியாற வேண்டும். பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் மரத்தடிச் சருகைக் கூட்டாமல் விடுவதற்குப் பொருட்செலவில்லை. குப்பை என்று நாம் ஒதுக்குவது பிறிதோர் உயிரின் உணவு என்னும் அறிவு ஒன்றே அதற்குப் போதுமானது.