சுண்ணாம்புத் தண்ணீரும் கழுவும் இயந்திரமும்

மாரி மழை ஓய்ந்ததும் சண்டிலிப்பாய் வீடுகளில் தொடங்குகின்ற முதல் வேலை பாசி கழுவுவதுதான். சீமெந்து முற்றமும் கிணற்றுக் கட்டும் மதிலின் அடியும் தை மாதத்தில் பச்சை படர்ந்து கிடக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவதும் அந்த நாட்களில்தான். முன்னர் தும்புத்தடி கொண்டு தேய்த்த இடத்தை இப்போது பிறஷர் வோஷர் எனப்படும் உயரழுத்த நீர் இயந்திரம் சில நிமிடங்களில் வெளுக்கச் செய்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பணத்தில் பல வீடுகளுக்கு அது வந்து சேர்ந்திருக்கின்றது.

வந்த வேகத்திலேயே அவற்றுட் சில பழுதாகி, விறகுக் கொட்டிலில் ஒதுங்கிக் கிடப்பதையும் காண்கிறேன். இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன்னர் எமது தண்ணீரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு கிடையாது. எங்கள் பக்கத்து வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்குகின்ற மழைநீரையே நாம் கிணற்றிலிருந்து எடுக்கின்றோம். கல்லைக் கரைத்து வருகின்ற நீர் அது. கேத்திலின் அடியில் படிகின்ற அந்த வெள்ளைப் படிவுதான் இயந்திரத்தின் வால்வுகளிலும் ஊசிமுனைத் துவாரத்திலும் படிகின்றது.

ரொறன்ரோவிலுள்ள மருமகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, இஞ்சை நாங்கள் பயப்பிடுறது பனிக்கு" என்றார். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகின்றது. குளிர்காலத்தில் பம்பினுள்ளே மிஞ்சிய சிறிதளவு நீரே அதன் உலோக வார்ப்பைப் பிளந்துவிடப் போதுமானது. அவர்களுக்குப் பனி, எமக்குச் சுண்ணாம்பு. பராமரிப்பு முறையும் ஊருக்கு ஊர் வேறுபடத்தான் செய்யும்.

எனது முறை இதுதான். தண்ணீர் உட்புகும் வாயிலுள்ள சிறு வலைவடியை மாதம் ஒருமுறை கழற்றிப் பழைய பல்தூரிகையால் தேய்ப்பேன். முனைத் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்தி, எதிர்ப்புறமாக நீர் பாய்ச்சுவேன். இணைப்புகளிலுள்ள றபர் வளையங்களுக்குச் சிலிக்கன் கிறீஸ் தடவுவேன். வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, குழாயைப் பூட்டி, விசையை அழுத்தி உள்ளே எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுவேன். தண்ணீர் வராத வேளையில் ஒருபோதும் இயக்குவதில்லை. விசையை விட்டபின்னும் நீண்டநேரம் ஓடவிடுவதில்லை. சில வகை இயந்திரங்களில் உள்ளேயே சுழலும் நீர் சூடேறி றபர்களைக் கெடுத்துவிடும். பெற்றோலில் இயங்குபவற்றுக்கு இயந்திர ஒயிலையும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் கூடத் தேவையில்லை.

இந்தப் பழக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை, ஐயாவிடம் கண்டது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெயில் ஓடுகின்ற நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் துளிக்கணக்கில் பார்க்கும் பொருளாயிற்று. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்கில் கரி பிடித்திருந்தால் அந்தத் துளிகளும் வீண். ஆகவே ஐயா ஒவ்வொரு இறைப்புக்கு முன்னரும் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். புதிய வோஷர் கிடையாதென்பதால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போடுவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடக்கத் தொடங்கிய வேளையில், ஐயா இயந்திரத்தின் அருகே குந்தியிருந்தார். பிளக் துவாரத்தினூடாகச் சிறிது ஒயிலை ஊற்றி, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்தார். சிலிண்டரின் உட்சுவரில் கறள் பிடியாதிருக்கச் செய்கின்ற வேலை அது.

"இஞ்சருங்கோ, இந்த நேரத்திலை உது என்ன வேலை?" என்று அம்மா சத்தமிட்டார்.

"திரும்பி வந்தால் தண்ணி வேணுமெல்லே" என்றார் ஐயா.

சாக்கினால் சுற்றி, பனையோலைக் குவியலின் கீழ் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். 1996 மே மாதத்தில் நாங்கள் திரும்பியபோது வீட்டுக் கதவுகளைக் காணவில்லை. ஓலைக்குக் கீழே இயந்திரம் இருந்தது. ஐந்தாவது இழுவையில் புகையைக் கக்கிக்கொண்டு இயங்கியது. பத்திரிகையாளனாக எத்தனையோ தலைவர்களின் நம்பிக்கையூட்டும் உரைகளைக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஐயா ஊற்றிய அந்த ஒயிலுக்கு ஈடாக அவற்றில் எதையும் என்னால் வைக்க முடியவில்லை.

இயந்திரத்தைப் பேணுகின்ற நாம் கிணற்றையும் நினைக்க வேண்டும். கடல் சூழ்ந்த இத்தகைய நிலங்களில், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்குமென்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. மேலே குறையக் குறைய, கீழிருந்து உவர்நீர் ஏறும். வீட்டு வகை வோஷர் நிமிடத்துக்குச் சுமார் 5 முதல் 8 லீற்றர் வரையே எடுக்கும். திறந்துவிட்ட ஹோஸ் குழாயை விட இது பெரும்பாலும் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் வீதித் தூசைக் கழுவுவதற்கு அதுவும் அதிகமே.

ஒரு எச்சரிக்கை. அந்த நீர்க்கற்றை தோலைத் துளைத்து உட்செல்லக் கூடியது. வெளியில் சிறு புள்ளியாகத் தெரிகின்ற காயம் உள்ளே பெருங்கேடு விளைவித்திருக்கலாம். வேதனை இல்லையென்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறுவர்களின் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

ஊரிலுள்ள பெற்றோருக்கு இயந்திரம் வாங்கிக் கொடுக்கின்ற உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். அதனுடன் இரண்டு வலைவடிகளும் ஒரு தொகுதி றபர் வளையங்களும் சேர்த்து வாங்கி வையுங்கள். அடுத்த முறை விடுமுறையில் வரும்போது, கோயிலுக்கும் விருந்துக்கும் போக மிஞ்சுகின்ற ஒரு காலைப் பொழுதில், அவற்றை எப்படி மாற்றுவதென்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.