ஆறு வருடத்தின் விலை

படிக்கப் பணம் தருகிறோம் என்று எவர் சொன்னாலும், பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பதையும் பாருங்கள்.

என் ராத்தாவின் மகள் அமெரிக்காவில் தாதி. நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்தும் எழுதிக் கொடுக்கும் உயர்தரத் தாதியாக விரும்புகிறாள். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த பயிற்சி அது. செலவு அதிகம். வட்டிக் கடனுக்கு அஞ்சி, "இராணுவச் சேமப் படையில் சேரட்டுமா, சாச்சி?" என்று கேட்டாள்.

நிபந்தனைகளைத் தேடி வாசித்தேன். மொன்ட்கொமரி சட்டப்படி, ஆறு வருடம் சேவையாற்ற ஒப்பமிட வேண்டும். வழமையாக மாதத்தில் ஒரு வார இறுதியும், வருடத்தில் இரண்டு கிழமையும் பயிற்சி. அதற்கு ஈடாகக் கூடியது 36 மாதங்களுக்குப் படிப்புதவிப் பணம் கிடைக்கும். பல கல்லூரிகளின் கட்டணத்துக்கு அது போதாது. போர் வந்தால் அழைப்பும் வரும். 2003இல் ஈராக் போருக்குச் சேமப் படையினர் பலர் அழைக்கப்பட்டார்கள்.

"மகளே, பணத்தை எண்ணுமுன் அந்த ஆறு வருடத்தை எண்ணு. அழைப்பு வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார், அந்தப் போருக்கு உன் மனம் இணங்குமா என்றும் யோசி" என்று எழுதினேன். முடிவு அவளுடையது.

உங்கள் பெண்மக்களையும் படிக்க வையுங்கள். கையொப்பமிடும் தாளைக் கடைசி வரி வரை வாசிக்கவும் பழக்குங்கள்.