ஓதும்போது மட்டும் தடுமாறும் பிள்ளை

குர்ஆன் மனப்பாடத்துக்குப் போகும் 6, 7 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக இந்தத் திரெட். ஹஜ்ரத்மார்களும் படிச்சா ரொம்ப சந்தோஷம்.

"மனப்பாடம் ஏறவே மாட்டேங்குது, ஞாபக சக்திக்கு டானிக் எழுதிக் கொடுங்க டாக்டர்." அடிக்கடி கேட்கிறேன். அப்படி ஒரு டானிக் கிடையாதுங்க. நான் முதலில் பார்ப்பது காதைத்தான்.

ஒரு பையன். வீட்டில் கூப்பிட்டால் திரும்புவான், பள்ளிக்கூடத்தில் சுமாராகப் படிப்பான். மதரஸாவில் மட்டும் சொல்லிக் கொடுத்ததைத் தப்பாகவே திருப்பிச் சொல்வான். "விளையாட்டுப் புத்தி" என்று பெயர் வாங்கியாச்சு, அடியும் வாங்கியாச்சு. நாஸ் ஸூராவை ஓதச் சொன்னேன். அதில் 6 வசனமும் 'ஸ்' என்றுதான் முடியும். இவன் ஓதியதில் ஒரு 'ஸ்' கூட இல்லை. உள்ளே பார்த்தால் ரெண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர்.

சளி பிடித்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு இது சகஜம். பெரும்பாலும் வலிக்காது, சீழும் வடியாது, அதனால் யாருக்கும் தெரியாது. காதில் பஞ்சு வைத்த மாதிரி கேட்கும். 'ஸ்', 'ஃப்' மாதிரி மெல்லிய ஒலிகள் எளிதில் தப்பிவிடும்.

அப்போ வீட்டில் எப்படித் தெரியாமல் போச்சு? "சாப்பிட வா" என்பதில் பாதி விழுந்தாலே போதும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். அர்த்தம் தெரியாத அரபியில் அப்படி நிரப்ப வழியே இல்லை. காதில் விழுந்ததுதான் வாயில் வரும். அதனால் சில பிள்ளைகளின் காது மந்தம் முதன்முதலில் வெளியே தெரியும் இடமே மதரஸாதான். அதுவும் முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தைச் சத்தமாக ஓதும் அறையில்!

வாயைத் திறந்து தூங்குறது, குறட்டை, டிவி சத்தத்தைக் கூட்டுறது, அடிக்கடி "என்ன?"னு கேட்கிறது இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்க. டிம்பனோமெட்ரி சில நிமிட வேலை, வலிக்காது. நிறையப் பேருக்கு 3 மாதத்துக்குள் நீர் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். சிலருக்குச் சின்னக் குழாய் வைக்க வேண்டியிருக்கும்.

அதுவரை ஹஜ்ரத் முன்னால் உட்கார வையுங்க. அவர் வாயசைவைப் பிள்ளை பார்க்கணும்.

கன்னத்தில் அறையாதீங்க. அது காதில் பட்டால் செவிப்பறை கிழியும். சிகிச்சை கொடுத்திருக்கேன்.

எண்ணெயும் காய்ச்சி ஊத்தாதீங்க. நீர் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், நீங்க ஊத்துறது இந்தப் பக்கம்.