காட்டிக்கொடுக்கும் துணுக்கு

நெல் இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி. நடுவே சாம்பல், ஓரத்தில் பழுப்பு. குலை நோய் என்று தெரிந்ததும் விவசாயி மருந்துக் கடைக்கு ஓடுகிறார். ஆனால் அவர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே பயிருக்குச் செய்தி எட்டிவிடுகிறது.

கண்ணும் காதும் இல்லாத பயிருக்கு யார் சொன்னது? திருட வந்த பூஞ்சையேதான். அதன் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். நெல்லில் அது கிடையாது. நெல்லின் நொதிகள் அந்தச் சுவரை அரிக்கும்போது துணுக்குகள் சிதறுகின்றன. அவற்றைப் பிடிக்கும் புரதம் ஒன்று நெல் செல்லின் மேற்புறத்தில் காவல் இருப்பதை 2006இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். துணுக்கு சிக்கியதும் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் செல்லில் உருவாகத் தொடங்கிவிடும்.

திருடனும் லேசுப்பட்டவன் அல்ல. குலை நோய்ப் பூஞ்சை ஒரு புரதத்தைச் சுரந்து, தன் துணுக்குகளைத் தானே மறைத்துக்கொள்கிறது என்பது 2012இல் தெரியவந்தது. அப்படித் தப்பி வந்தாலும் செல்லுக்குள் இரண்டாவது காவல் உண்டு. பூஞ்சை உள்ளே செலுத்தும் சில புரதங்களையே அடையாளம் வைத்து எதிர்ப்பு மரபணுக்கள் வேலை செய்கின்றன. தாக்கப்பட்ட செல் தன்னை மாய்த்துக்கொண்டு பூஞ்சையின் வழியை அடைக்கிறது.

இது ஆய்வுக்கூடச் சமாசாரம் மட்டுமல்ல. குலை நோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்லசோல் மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2017இல் ஐரோப்பிய யூனியன் விதித்தது. கலங்கியது இந்தியாவின் பாசுமதி வியாபாரம். டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதற்கு முந்தைய ஆண்டே வெளியிட்டிருந்த பூசா பாசுமதி 1637 ரகத்தில், காட்டு நெல்லிலிருந்து வந்த பிஐ-9 என்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறது. மருந்தின் வேலையை விதையே செய்ய முடியும்.

ஆனால் ஒற்றைக் காவலாளியை நம்பி வயல் வயலாக விடுவதில் ஆபத்து இருக்கிறது. பூஞ்சை தன் அடையாளப் புரதத்தைச் சற்றே மாற்றிக்கொண்டால் போதும், காவலாளியின் கண்ணெதிரிலேயே கொள்ளை நடக்கும். 2021இல் வந்த பூசா பாசுமதி 1847இல் குலை நோய்க்கு எதிராக இரண்டு மரபணுக்களைச் சேர்த்திருப்பது இதனால்தான்.

விதை வாங்கும்போது விளைச்சல் எவ்வளவு என்று கேட்கிற விவசாயி, காவல் எத்தனை என்றும் கேட்டுவிடுவது நல்லது.